இருளப்பனின் இடது மார்பு

ஆணுக்கு முலை எதற்கு என்று நீங்கள் என்றைக்காவது கேட்டதுண்டா?

நானும் கேட்டதில்லை. கடவுள் எதற்கு, சாதி எதற்கு, சகுனம் எதற்கு என்று தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசல்தோறும் கேட்டுக்கொண்டு திரிந்தவன் நான். சட்டைக்குள் இருக்கும் ஒன்றைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை. அதனால் நான் எதையும் இழக்கவில்லை. எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் அடுப்புக்காரராக இருந்த இருளப்பன் இழந்தார்.

நான் அந்தத் தோட்டத்து டிரசர், புண்ணுக்குக் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கிறவன். பெயர் செல்லையா. அறுநூறு பேருக்கு ஒரு மருந்தகம், அதற்கு நான் ஒருவன். டாக்டர் மாதம் ஒருமுறை மலையேறி வருவார். துரை பங்களாவில் தேநீர் குடித்துவிட்டு, என் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கிவிடுவார். தேயிலைச் செடிக்குப் பூச்சி வந்தால் அந்த வாரமே ஆள் வரவழைக்கும் நிர்வாகம், மனிதனுக்குப் புண் வந்தால் என்னிடம் அனுப்பியது. இதை எத்தனையோ கூட்டங்களில் கொதித்துப் பேசியிருக்கிறேன். கொதிப்பு இன்னும் அடங்கவில்லை. ஆனால் இருளப்பன் விஷயத்தில் அதன் பின்னால் ஒளிந்துகொள்ள எனக்கு உரிமை கிடையாது.

ரிங்லெட் ஊருக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில் 1932இல் பிறந்தவர் இருளப்பன். தாய் காளியம்மா கொழுந்து பறித்தவர். ஜப்பான்காரன் படையெடுத்து வருவதற்கு முன்பே, மார்பில் ஆறாத புண்ணோடு கிடந்து செத்துப்போனாராம். 'பால் கட்டிப் புண்ணாகிவிட்டது' என்று லயத்தில் முடிவு கட்டினார்கள். அக்காள் பாஞ்சாலைதான் இவரை வளர்த்தார். இருபது வயதில் எங்கள் தொழிற்சாலைக்கு வந்தவர், தேயிலை உலர்த்தும் டிரையரின் அடுப்புக்கு விறகு போடும் வேலையில் சேர்ந்தார். கடைசிவரை அதே அடுப்புதான்.

மலைக்குளிரில் நாங்களெல்லாம் கம்பளிச் சட்டைக்குள் நடுங்கிக்கொண்டிருக்கையில் இருளப்பன் மட்டும் வெற்றுடம்போடு நிற்பார். விறகு எடுக்க வெளியே வந்தால் மேலெல்லாம் ஆவி பறக்கும். அடுப்பு வாய்க்கு எதிரே உள்ளங்கையை நீட்டிச் சூடு எவ்வளவு என்று சொல்வார். பிறகு தேயிலைப் பக்குவம் பார்க்கும் டீமேக்கர் வெப்பமானியைப் பார்ப்பார், சரியாக இருக்கும். கொழுந்து நிறுக்க வரும் பெண்களுக்குச் சாம்பலில் சர்க்கரைவள்ளி சுட்டுக் கொடுப்பார். அதிகம் பேசமாட்டார்.

ஆண்டுதோறும் சித்திரையில் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் காவடி எடுப்பார். தோளில் காவடி, அதிலிருந்து தொங்கும் கொக்கிகள் மார்பிலும் முதுகிலும். நெஞ்சு முழுக்கப் பழைய கொக்கித் தழும்புகள் அரிசி சிதறியதுபோல இருக்கும். திருவிழாவுக்கு மறுவாரம், நான் நடத்திய பகுத்தறிவுப் படிப்பகத்தில் காவடியைக் கண்டித்துக் கூட்டம் நடக்கும். அதற்கும் வருவார், கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்பார், அடுத்த ஆண்டும் காவடி எடுப்பார். எனக்கு அது எரிச்சலாக இருந்தது. இரண்டு பக்கத்தையும் காது கொடுத்துக் கேட்ட ஒரே மனிதர் அவர்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

1978 ஆகஸ்டில் ஒரு நாள், மருந்தகத்தில் கூட்டம் வடிந்த பிறகு அவர் வந்தார். சட்டை போட்டிருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மேல் பொத்தான்கள் இரண்டை அவிழ்த்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

இடது காம்பு உள்ளே இழுத்துக்கொண்டு குழியாகக் கிடந்தது. ஓரத்தில் பொருக்கு, அதன் கீழே கசிவு. விரலால் தொட்டேன். அடியில் பாக்கு அளவுக்குக் கெட்டியாக ஒன்று இருந்தது. சுற்றிலும் கொக்கித் தழும்புகள்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "ஐயா, இது வந்து..." என்றார்.

"எனக்குத் தெரியும்" என்றேன். "கொக்கி குத்தின எடத்துல சீழ் வச்சிருக்கு. துருப்பிடிச்ச கம்பிய ஒடம்புக்குள்ள விட்டா வேற என்ன வரும்?"

அவர் வாயை மூடிக்கொண்டார். நான் பென்சிலின் ஊசி போட்டேன். புண்ணுக்கு ஊதா மருந்து தடவினேன், அவர் பொத்தானைப் போட்டுக்கொண்டார். இன்னும் நான்கு ஊசிக்கு வரச் சொன்னேன். ஐந்து நாளில் ஆறிவிடும் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். எங்கள் படிப்பில் முதலில் கற்றுக்கொடுப்பது ஒரு கேள்வி: எப்போது தொடங்கியது? அதை நான் கேட்கவில்லை. பதில் என்னிடம் ஏற்கெனவே இருந்ததே, கேள்வி எதற்கு?

அந்த ஞாயிற்றுக்கிழமை படிப்பகத்தில் மூடநம்பிக்கை பற்றிப் பேசினேன். கையில் புதிதாக ஒரு சான்று கிடைத்திருக்கிறது, விடுவேனா? பெயர் சொல்லாமல் சொன்னேன்: "நம்ம தொழிற்சாலையிலேயே ஒருத்தர், சாமிக்காக நெஞ்சில கொக்கி போட்டாரு. சாமி பதிலுக்குச் சீழக் குடுத்திருக்கு." கூட்டம் சிரித்தது. முன்வரிசையில் ஒருவன், "யாரு, நம்ம அடுப்பா?" என்றான். மறுபடியும் சிரிப்பு. நானும் சிரித்தேன். அப்போதுதான் வாசற்பக்கம் பார்த்தேன். நான்காவது ஊசி அன்றைக்கா மறுநாளா என்று கேட்க வந்த இருளப்பன், கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

நான்காவது ஊசிக்கு அவர் வரவில்லை. நானும் போய் அழைக்கவில்லை.

சேதி லயம் முழுக்கப் பரவியது. கோயில் கமிட்டியில் இருந்த கங்காணி காளியண்ணன் வேறொரு காரணம் கண்டுபிடித்தார். இருளப்பன் விரதத்தை முறித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆத்தாள் குத்திய இடம் ஒருநாளும் புண்ணாகாது என்றார். விரத நாளில் அவர் வீட்டுப் பக்கம் கருவாட்டு வாசனை வந்ததாகச் சொல்ல இரண்டு சாட்சிகளும் கிடைத்தார்கள். இப்படியாக அந்த மனிதர் எனக்கு முட்டாளாகவும் கங்காணிக்குப் பாவியாகவும் ஆனார். அடுப்படியிலும் சட்டையைக் கழற்றாமல் வேலை செய்ய ஆரம்பித்தார். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடக்கும். பக்கத்தில் வேலை செய்தவர்கள் விடவில்லை.

"என்ன மாமா, புதுப்பொண்ணாட்டம் மூடி மூடி வச்சிருக்கீங்க? யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க லா."

அவர் விறகைத் தள்ளிவிட்டு அடுப்புக் கதவைச் சாத்துவாராம்.

ஒன்றரை ஆண்டு கழித்து, 1980 பிப்ரவரியில், அவர் மனைவி பவளம் ஒரு சட்டையோடு மருந்தகத்துக்கு வந்தார். கொழுந்து பறிக்கும் கூடையை வாசலில் இறக்கிவிட்டு, சட்டையை என் மேசைமேல் விரித்தார். இடது பக்கத்தில் ரத்தக் கறை. துவைத்துத் துவைத்து மங்கிய கறையின்மேல் புதுக் கறை.

"ஆறு மாசமா இவுங்க சட்டைய இவுங்களே தொவச்சுக்கிட்டாங்க. நேத்துதான் என் கையில மாட்டுச்சு. நீங்க ஊசி போட்டா ஆறிடும்னு சொன்னீங்களாமே?"

அதில் கேலி இல்லை. உண்மையிலேயே கேட்டார்.

அன்று மாலை இருளப்பனின் வீட்டுக்குப் போனேன். சட்டையைக் கழற்றச் சொன்னேன். பாக்கு, எலுமிச்சை அளவுக்கு வளர்ந்திருந்தது. தோலோடு ஒட்டிக்கொண்டு அசைய மறுத்தது. அக்குளில் இரண்டு கழலைகள். சீழ் இப்படி இருக்காது. சீழ் வலிக்கும், சுடும், உடையும். இது வலிக்கவே இல்லை என்றார் அவர். 1978இலும் இது வலித்திருக்காது. அதையும் நான் கேட்கவில்லை.

மறுநாளே தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். அங்கிருந்த டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு உடனே ஈப்போவுக்கு எழுதிக் கொடுத்தார். தோட்டத்து லோரியில் தாப்பா வரை இறங்கி, அங்கிருந்து பஸ். வளைவுக்கு வளைவு பவளம் வாந்தி எடுத்தார். இருளப்பன் அவர் முதுகைத் தடவிக்கொண்டே வந்தார், தனக்கு ஒன்றுமில்லாததுபோல.

ஈப்போவில் மார்புக் கட்டிகளைப் பார்க்கும் பகுதியில் நீளமான பெஞ்சு. அதில் பத்துப் பன்னிரண்டு பெண்கள். அவர்களுக்கு நடுவே இருளப்பன் கையில் அட்டையோடு உட்கார்ந்தார். நர்ஸ் வந்து அட்டையைப் பார்த்தார், பவளத்தைப் பார்த்தார், "வாங்கம்மா, உள்ள வாங்க" என்றார். பவளம் எழாமல் கணவரைப் பார்த்தார். பெஞ்சிலிருந்த அத்தனை பெண்களும் திரும்பினார்கள். இருளப்பன் எழுந்தபோது அவர் கழுத்து சிவந்துபோயிருந்தது. இருபத்தெட்டு வருடம் நெருப்பின் முன்னால் நின்ற மனிதரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

உள்ளே இருந்தவர் டாக்டர் சாரதா, இளம் வயது, தமிழ் பேசுபவர். மார்பை வெகுநேரம் தொட்டுப் பார்த்தார். பிறகு நாற்காலியை அருகே இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டு முதல் கேள்வி கேட்டார்.

"இது எப்ப ஆரம்பிச்சுச்சு, அண்ணே?"

இருளப்பன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னார்.

"எழுபத்தெட்டு தைமாசம், டாக்டரம்மா. காவடிக்கு முன்னாடியே. இது கரையணும்னு வேண்டிக்கிட்டுத்தான் அந்த வருசம் காவடியே எடுத்தேன். கட்டி இருக்கேன்னு இந்தப் பக்கம் கொக்கி போட வேணாம்னு சொல்லிட்டேன். எடது பக்கம் குத்தவே இல்ல."

நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவர் நெஞ்சை அப்போதுதான் பார்த்தேன். வலப்பக்கத் தழும்புகளில் சில புதியவை, இன்னும் வெளுக்காதவை. இடப்பக்கம் இருந்தவை எல்லாம் பழசு, வெளுத்துப்போனவை. ஒன்றரை ஆண்டுக்கு முன்பு அவர் சட்டையை அவிழ்த்தபோது இந்த வேறுபாடு இன்னும் பளிச்சென்று இருந்திருக்கும். கண்ணால் கண்டதை மட்டுமே நம்புகிறவன் என்று மேடையில் மார்தட்டியவன் நான். கண்ணுக்கு எதிரே இருந்ததைப் பார்க்கவே இல்லை. காளியண்ணன் ஆத்தாளைப் பார்த்தார், நான் கொக்கியைப் பார்த்தேன். இருளப்பனை இரண்டு பேருமே பார்க்கவில்லை.

டாக்டர் கட்டியிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். பத்து நாள் கழித்து முடிவு வந்தபோது, புரியவில்லை, விளக்குங்கள் என்று கேட்டேன். அவர் என்னைச் சோதனைக் கூடத்துக்கே அழைத்துப்போய் மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார வைத்தார்.

கருவில் முதல் சில வாரங்களுக்கு ஆண் பெண் என்ற பேதம் இல்லை என்றார். காம்பும் அதற்குப் பின்னால் பால் குழாய்களும் இரண்டு பேருக்கும் ஒன்றுபோல அரும்புகின்றன. பெண்ணுக்குப் பருவத்தில் அவை கிளைத்து வளர்கின்றன. ஆணுக்கு அப்படியே நின்றுவிடுகின்றன. எனக்கு, அடிவரை கவாத்து வெட்டிய தேயிலைச் செடி நினைவுக்கு வந்தது. இலை இல்லை, கொழுந்து இல்லை. ஆனால் கட்டைக்கு உயிர் இருக்கிறது.

கண்ணாடிச் சில்லின் ஓரத்தில் நோய் தொடாத ஒரு குழாயைக் காட்டினார். ஊதாவும் இளஞ்சிவப்புமாய்ச் சாயமேற்றிய உயிரணுக்கள், வளையம்போல் ஒன்றையொன்று ஒட்டி ஒழுங்காக நின்றன. நடுவில் துளை. பிறகு சில்லை மெல்ல நகர்த்தினார். அடுத்த குழாயில் துளையே இல்லை. உயிரணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அதை அடைத்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் உட்கரு பெருத்து, கறுத்து, ஒன்றுபோல் ஒன்றில்லாமல். சில நடுவே பிளந்துகொண்டிருந்தன. இன்னும் நகர்த்தினார். அங்கே குழாயின் சுவர் உடைந்திருந்தது. உடைப்பு வழியே அவை கொத்துக் கொத்தாய், வரிசை வரிசையாய்ச் சுற்றியிருந்த சதைக்குள் இறங்கியிருந்தன. அவற்றைச் சுற்றி உடம்பு போட்ட நார்தான் சுருங்கிச் சுருங்கிக் காம்பை உள்ளே இழுத்தது என்றார்.

"ஒரே ஒரு செல்லுல ஆரம்பிக்குது. பிரியற வேலைய எப்ப நிறுத்தணும்னு அதுக்குத் தெரியாமப் போயிடுது. கையில தட்டுப்படறதுக்கு முன்னாடியே வருசக்கணக்கா உள்ள இருந்திருக்கும். நூறு பொம்பளைக்கு வந்தா ஒரு ஆம்பளைக்கு வரும்."

கொக்கியால் வருமா என்று கேட்டேன். வராது என்றார். என்னை வியப்போடு பார்த்தார். யாருக்காக அந்தக் கேள்வியைக் கேட்டேன் என்று அவருக்குத் தெரியாது. நெருப்புச் சூட்டிலேயே காலம் தள்ளுகிறவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக வருகிறது என்று சிலர் சந்தேகிக்கிறார்கள், இன்னும் நிரூபிக்கவில்லை என்றார். பிறகு குடும்பத்தைப் பற்றி விசாரித்தார். தாய்க்கு மார்பில் புண் இருந்ததைச் சொன்னேன். உடனே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

இருளப்பனின் இடது மார்பையும் அக்குள் கழலைகளையும் எடுத்தார்கள். தோட்டத்துக்குத் திரும்பும் வழியில், தாப்பா பஸ் நிலையத்தில், பவளம் தண்ணீர் வாங்கப் போன நேரம் பார்த்து அவர் என்னிடம் கேட்டார்.

"நெஞ்சு ஆப்பரேசன்னு சொல்லிடுங்க ஐயா. இருதயத்துலன்னு. பொம்பள வியாதின்னு தெரிஞ்சா நான் அடுப்படியில நிக்க முடியாது."

நான் உடனே ஒப்புக்கொண்டேன். அவருடைய மானத்துக்காக ஒப்புக்கொண்டதாக அன்று நினைத்தேன். இன்று உண்மையை எழுதுகிறேன். உண்மை வெளிவந்தால் முதலில் தோட்டம் கேட்கக்கூடிய கேள்வி, 'டிரசர் ஏன் ஒன்றரை வருடம் விட்டார்?' என்பதாக இருந்திருக்கும். அவர் கேட்ட பொய் எனக்கும் வசதியாக இருந்தது. டாக்டர் கொடுத்த தாளை மேசை இழுப்பறையில் போட்டேன்.

இரண்டு ஆண்டு வேலை செய்தார். 1982இல் நோய் முதுகெலும்புக்கு இறங்கியது. அந்த நிலையில் ஆணின் விதைகளை அறுத்து எடுத்தால் நோய் கொஞ்ச காலம் பின்வாங்கும் என்பது அன்றைய வைத்தியம். ஈப்போவில் அதை அவரிடம் மெதுவாக எடுத்துச் சொன்னார்கள். அவர் சிரித்துவிட்டார்.

"இருக்கறதோட போறேன் டாக்டரம்மா" என்றார்.

அக்டோபரில் போனார். ஐம்பது வயது. இடுகாட்டில் காளியண்ணன் யாரிடமோ, விரதம் முறித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கேட்டது. இரண்டு அடி எடுத்து வைத்து, ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். அந்த வாக்கியத்தின் மறுபாதியில் என் பெயர் வரும்.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருப்பேனா தெரியாது. 1985இல் லெம்பா பெர்த்தாமிலிருந்து பாஞ்சாலை வந்தார். காய்கறித் தோட்டத்தில் வேலை செய்து காய்த்துப்போன கைகள், அறுபதைத் தொடும் வயது. உட்கார்ந்தார். தம்பியைப்போல் சுவரைப் பார்க்கவில்லை. முந்தானையை விலக்கி நேராகக் காட்டினார். வலது மார்பில் கட்டி. தோல் சுருங்கி, காம்பு உள்ளே இழுத்திருந்தது.

எப்போது தொடங்கியது என்று கேட்டேன். அந்தக் கேள்வியை இப்போது யாரிடமும் கேட்கத் தவறுவதில்லை.

"ரெண்டு வருசம் இருக்கும். வலிக்கல, விட்டுட்டேன்" என்றார். என் முகத்தில் என்ன பார்த்தாரோ, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டே கேட்டார்: "தம்பிக்கும் இதானா?"

ஆமாம் என்றேன். ஐந்து ஆண்டு கழித்து முதல் முறையாக ஒருவரிடம் சொன்னேன். கொக்கி, ஊசி, படிப்பகத்துச் சிரிப்பு, இழுப்பறைத் தாள், எதையும் விடாமல் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"தெரிஞ்சிருந்தா மொத நாளே வந்திருப்பேனே, டிரசரையா" என்றார். அவ்வளவுதான்.

அறுவை நடந்தது. இப்போது 1987. பாஞ்சாலை இருக்கிறார், எத்தனை நாளைக்கு என்று யாராலும் சொல்ல முடியாது. போன மாதம் பார்க்கப் போயிருந்தபோது இதை எழுதலாமா, பெயரை மாற்றிவிடவா என்று கேட்டேன். முட்டைக்கோஸ் இலைகளை உரித்துக்கொண்டே சொன்னார்: "அவன் பேரப் போட்டே எழுதுங்க. பேரு இல்லாட்டி, யாரோ எவனோன்னு ஆம்பளைங்க தாண்டிப் போயிடுவானுங்க." பவளமும் அதற்குச் சம்மதித்தார். அந்தச் சட்டையை இன்னும் வைத்திருப்பதாகச் சொன்னார்.

ஆகவே பெயரோடு எழுதிவிட்டேன். இருளப்பன் விரதத்தை முறிக்கவில்லை. கொக்கி அவரைக் கொல்லவில்லை. பால் குழாயில் பிறந்த ஓர் உயிரணு அவரைக் கொன்றது. அது வளர்வதற்கு ஒன்றரை ஆண்டு அவகாசம் கொடுத்தவன் நான்.

இதைப் படிக்கும் ஆண்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று குளிக்கும்போது கண்ணாடி முன் நின்று இரண்டு காம்புகளையும் பாருங்கள். அடியில் விரலை வைத்து அழுத்திப் பாருங்கள், அக்குளையும் தடவிப் பாருங்கள். கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால், காம்பு உள்ளே இழுத்திருந்தால், சட்டையில் கறை பட்டால், வலிக்கவில்லையே என்று விட்டுவிடாதீர்கள், போய்க் காட்டுங்கள். உங்கள் தாய்க்கோ அக்காளுக்கோ இப்படி இருந்ததா என்று வீட்டில் கேளுங்கள். உங்களுக்கு இருந்தால் அவர்களிடம் சொல்லுங்கள். மருந்து கொடுக்கிறவர் எப்போது தொடங்கியது என்று கேட்காமல், எனக்குத் தெரியும் என்று ஊசியைக் கையில் எடுத்தால், பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிடாதீர்கள். அவர் கையைப் பிடித்து நிறுத்தி, முதல் நாளிலிருந்து சொல்லுங்கள்.